கணவனைச் சொல்லி எழும் குரல்

மண்டல் குழுவின் பரிந்துரைப்படி பிற்படுத்தப்பட்டோருக்கு மத்திய அரசுப் பணிகளில் 27 விழுக்காடு இடஒதுக்கீடு 1990-இல் அறிவிக்கப்பட்டபோது, அதை எதிர்த்துத் தெருவுக்கு வந்த உயர்சாதி மாணவியரில் சிலர், வேலையற்ற கணவர்கள் தங்களுக்கு வேண்டாம் என்ற பொருள்பட எழுதிய அட்டைகளை ஏந்தியிருந்தனர். பாலினக் கோட்பாட்டின் சிக்கல்களைப் பற்றி சூசி தாருவும் தேஜஸ்வினி நிரஞ்சனாவும் 1994-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இந்த எதிர்ப்பை எடுத்துப் பேசுகிறது. பெண்ணியம் 'பெண்' என்று பொதுப்படக் கூறும்போது, அந்தப் பெண் பெரும்பாலும் உயர்சாதி, நடுத்தர வர்க்க இந்துப் பெண்ணாகவே இருந்துவிடுகிறாள் என்பதும், சாதியும் வர்க்கமும், அதாவது பிறப்பாலும் உடைமையாலும் அமைந்த படிநிலைகளும், அப்பொதுமைக்குள் மறைந்துவிடுகின்றன என்பதும் அவர்களது வாதம். அட்டை ஏந்தியவள் படித்தவள். எனினும் பறிபோகும் என்று அவள் அஞ்சியது தன் வேலை அன்று, தன் சாதிக்குள் வரவிருக்கும் கணவனின் வேலை.

அதே கட்டுரை ஆந்திரப் பிரதேசத்தின் சாராய எதிர்ப்பியக்கத்தையும் ஆராய்கிறது. நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டாவில் எழுத்தறிவு வகுப்புகளுக்கு வந்த கூலிப்பெண்கள் தொடங்கிய எதிர்ப்பு, 1992-இல் சித்தூர் உள்ளிட்ட மாவட்டங்களுக்குப் பரவிச் சாராயக்கடை ஏலங்களைத் தடுத்து, 1993 அக்டோபர் 1-இல் சாராயத் தடைக்கு வழிவகுத்தது. குடும்பத்தைக் காத்த மனைவியர் என்று அவர்களைப் புகழ்வோர், சாராய வருவாயை நம்பியிருந்த அரசையும் ஒப்பந்தக்காரர்களையும் அவர்கள் எதிர்த்து நின்றதை மறைத்துவிடுகின்றனர். ஆயினும் இங்கும் பேச்சு கணவனைப் பற்றியதே; அவன் கூலி வீடு வந்து சேர்வதைப் பற்றியதே.

குடியை எதிர்கொள்ள இதே பகுதியில் வேறொரு வழியும் உண்டு: சித்தூரை அடுத்த காணிப்பாக்கத்தில் வரசித்தி விநாயகர் முன்னிலையில் குடியை விடுவதாகச் சத்தியம் செய்யும் வழக்கம். பொய்ச்சத்தியம் செய்தவரை விநாயகர் தண்டிப்பார் என்ற நம்பிக்கையே அதன் பிணை. இப்பகுதிக் குழந்தைகள் கேட்டு வளரும் தலக்கதையில், பார்வையற்ற, செவிகேளாத, வாய்பேசாத மூன்று சகோதரர்கள் நிலத்திற்கு நீர் தேடிக் கிணற்றை ஆழப்படுத்துகையில் சுயம்பு மூர்த்தி வெளிப்பட்டு, அவர்கள் குறைகள் நீங்குகின்றன. பொதுவாகச் சொல்லப்படும் வடிவத்தில் அவ்வீட்டுப் பெண்களைப் பற்றிய பேச்சே இல்லை. சத்தியத்திலும் ஆண்தான் வாய்திறக்கிறான். அவனது சீர்கேடு அவனோடு முடிகிறது, கடையை ஏலம் விட்டவர் எவரும் அங்கே சத்தியம் செய்வதில்லை. ஏலத்தைத் தடுத்த பெண்கள் மாற்ற முனைந்தது, பழி குடித்தவனோடு முடிந்துவிடும் இந்தக் கணக்கைத்தான்.

1995 சனவரியில் வந்த முழு மதுவிலக்கு 1997-இல் தளர்த்தப்பட்டதால் மட்டும் அம்முயற்சி தோற்றதாகிவிடாது. மாணவியின் கணவனும் கூலிப்பெண்ணின் கணவனும் வர்க்கத்தால் வேறானவர்கள் என்று காட்டுவது எளிது. ஆனால் கணவனைச் சொல்லாமல் தன் நலத்தைச் சொல்ல இயலாத நிலை இருவருக்கும் பொதுவா, அல்லது கேட்போர் செவிகொடுக்கக்கூடிய மொழி அது ஒன்றே என்று கூலிப்பெண் அறிந்தே அதைக் கையாண்டாளா என்பதற்குத் தாரு, நிரஞ்சனா ஆகியோரின் வாதத்திலிருந்து உறுதியான விடை பெற இயலவில்லை.