கல் பேசாது



என்னைத் தாழ்த்தி ஒரு காரியம் சொல்லுகிறேன். ஓர் இரவு பதினொரு மணிக்கு பெரியபாளையத்தில் நம்ம சபை ஆயா ஒருவர் மரணப்படுக்கையில் இருப்பதாக அழைப்பு வந்தது. வேதாகமத்தை எடுக்காமல் செல்போனை மட்டும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஓடினேன். 23-ம் சங்கீதம் வாசிக்கலாம் என்று போனை எடுத்தால் சார்ஜ் இல்லை! இரண்டு வசனம் வந்தது. மூன்றாவது வரவில்லை. வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ வாங்கினவன் நான்! எழுதப் படிக்கத் தெரியாத அந்த ஆயா, கண்ணைத் திறக்காமலே மீதியைக் கடைசி வரை சொல்லி முடித்தார்கள். "பயப்படாதீங்க பாஸ்டர்" என்றார்கள். விடியற்காலையில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். ஆறுதல் சொல்லப் போனவன் ஆறுதல் வாங்கி வந்தேன்.

அப்படியானால் செல்போன் பாவமா? நோட்டில் எழுதிவைப்பது அவிசுவாசமா? இல்லவே இல்லை! மனுஷன் மறதியுள்ளவன் என்று கர்த்தர் அறிவார். கற்பனைகளை நினைக்கும்படி வஸ்திரத்தின் ஓரத்தில் தொங்கல் வைக்கச் சொன்னார் (எண்ணாகமம் 15). யோர்தானிலிருந்து 12 கற்களை எடுத்து நாட்டச் செய்தார் (யோசுவா 4). சீகன்பால்க் ஐயர் 1715-ல் தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டதும் தேவ கிருபைதானே!

நானும் ஜெப நோட்டு வைத்திருக்கிறேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிப்ட் பார்க்கும் ஒரு சகோதரர், மனைவியின் ஆபரேஷனுக்காக ஜெபிக்கச் சொன்னார். மறந்தேபோனேன். "ஜெபிச்சீங்களா பாஸ்டர்?" என்று அவர் கேட்ட அன்றுதான் நோட்டு வாங்கினேன்.

ஆனால் ஜாக்கிரதை! மோசே செய்த வெண்கல சர்ப்பம் ஜனங்களைப் பிழைக்க வைத்தது. பிற்காலத்தில் அதற்கே தூபங்காட்டினார்கள். எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டான் (2 இராஜாக்கள் 18:4). உதவிக்குக் கொடுத்தது தேவனுடைய இடத்தில் உட்காரக் கூடாது.

யோர்தான் கற்களைப் பற்றிப் பிள்ளைகள் கேட்டால் தகப்பன்தான் பதில் சொல்ல வேண்டும் என்றார் கர்த்தர். கல் பேசாது! இன்றைக்குப் பிள்ளை கேட்டால் நாம் என்ன சொல்லுகிறோம்? "போன்ல பாரு" என்கிறோம்.

பரிசுத்த ஆவியானவர் கர்த்தர் சொன்னவைகளை நினைப்பூட்டுகிறவர் (யோவான் 14:26). வசனத்தை உள்ளே வைக்கவே இல்லையென்றால் எதை நினைப்பூட்டுவார்? ஆயாவின் இருதயத்தில் இருந்தது, ஆபத்துக்காலத்தில் வெளியே வந்தது.

ஆகையால் நோட்டில் எழுதுங்கள், போனிலும் வாசியுங்கள். ஆனாலும் வாரத்துக்கு ஒரு வசனமாவது குடும்பமாய் மனப்பாடம் பண்ணுங்கள். நான் 23-ம் சங்கீதத்திலிருந்து ஆரம்பித்துவிட்டேன். ஞாயிறு ஆராதனையில் கேளுங்கள், புத்தகம் பாராமல் சொல்லுகிறேன்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென், அல்லேலூயா!