நிலத்தடி நீரும் உரிமைத் துறப்பும்

ஒருவருடைய நிலத்தில் பெய்த மழை மண்ணுக்குள் இறங்கியபின் யாருக்கு உரியது என்னும் வினா, நீரியலுக்கும் சட்டத்துக்கும் மட்டுமே உரியதுபோலத் தோன்றினாலும், உடைமை என்பது எதனால் உண்டாகிறது என்னும் மெய்யியல் வினாவே ஆகும். வேலி போட்டுப் பிறரை விலக்க இயலாத ஒன்றின்மீது உடைமை கொண்டாடுதல் தகுமா என்று ஆராய, அந்நீர் செல்லும் வழியை முதலில் அறிதல் வேண்டும்.

மண்துகள்களின் இடுக்குகளில் புகும் மழைநீரில் பெரும்பகுதியை மேல்மண்ணே பிடித்துக்கொள்கிறது. அவ்வாறு வடிந்துவிடாமல் மண் தாங்கி நிற்கும் ஈர அளவு வயற்கொள்திறன் எனப்படும். அது நிறைந்தபின் எஞ்சும் நீரே, வேருக்கும் வெயிலுக்கும் தப்பி, காற்றும் ஈரமும் கலந்த அடுக்கைக் கடந்து, இடுக்குகள் யாவும் நீரால் நிரம்பிய செறிவு மண்டலத்தை அடைகிறது. அம்மண்டலத்தின் மேல்மட்டமே நிலத்தடி நீர்மட்டம். தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் அடியில் இருப்பது கடினப் பாறையாதலால், நீர் தங்குவதற்குச் சிதைந்த பாறையடுக்கையும் வெடிப்புகளையும் தவிர வேறிடம் இல்லை. பெய்த மழையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே அங்கு நிலத்தடி நீராகிறது. அந்த வெடிப்புகள் வரப்பைப் பார்த்து ஓடுவதில்லை. கசிவுநீர்க் குட்டையில் படிந்த வண்டலை அள்ளியபின் பெய்யும் மழைக்குத் தாழ்புறத்துக் கிணறுகளில் ஊறல் கூடுவதையும், பக்கத்துக் காட்டில் ஆழ்துளைக் கிணறு இறங்கியதும் பழைய திறந்த கிணறு வற்றுவதையும் உழவர் நன்கறிவர்.

சட்டமோ நெடுங்காலம் வேறு வழியில் சென்றது. நிலத்துக்குரியவர் தம் நிலத்தடி நீரை, அண்டையாரின் கிணறு வற்றினாலும், எடுத்துக்கொள்ளலாம் என்று 1843இல் இங்கிலாந்து நீதிமன்றம் ஒன்று தீர்த்தது. அந்நீரின் போக்கு மறைவானது, ஆகவே அதற்கு விதி வகுக்க இயலாது என்று அமெரிக்காவின் ஒஹாயோ உச்ச நீதிமன்றம் 1861இல் காரணம் கூறியது. அதற்கு ஐந்தாண்டு முன்னரே, 1856இல், மணலூடே செல்லும் நீரின் அளவு நீர்மட்டச் சரிவுக்கு ஏற்ப அமையும் என்னும் விதியைப் பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்றி தார்சி வெளியிட்டிருந்தார். அறியாமையைக் காரணமாகக் காட்டி எழுந்த அந்த உரிமையை ஒஹாயோ 1984இல் கைவிட்டது. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்திலோ, வரையறுத்த கால்வாயில் ஓடாத நிலத்தடி நீர் நிலவுடைமையாளரின் உரிமையாகவே சொல்லப்பட்டுள்ளது.

பொது நீரின்மீது உடைமை பற்றிய வினாவை வடமொழித் தரும நூல்கள் நுட்பமாக அணுகியுள்ளன. குளம், கிணறு, சோலை ஆகியவற்றை அமைக்கும் அறத்தைப் 'பூர்த்தம்' எனக் கூறும் அந்நூல்கள், தானத்தையும் உற்சர்க்கத்தையும் வேறுபடுத்துகின்றன. தானத்தில் ஒருவரது உடைமை ஏற்பவர் ஒருவரிடம் சேர்கிறது. ஆதலால் கொடுத்தவர் அதனை மீண்டும் நுகர்தல் கூடாது. குளத்தை உற்சர்க்கம் செய்பவரோ தம் உரிமையை எல்லா உயிர்களுக்குமாகத் துறக்கிறார். அவர் அந்நீரைப் பருகலாமா என்னும் ஐயம் எழுந்தபோது, எல்லா உயிர்களுள் அவரும் ஒருவர், ஆகவே அந்த முறையில் பயன்கொள்ளலாம் என்று நூலாசிரியர் பலர் விடை கூறினர். தவிர்த்தலே நன்று என்றாரும் சிலர் உளர்.

மண்ணுக்குள் இறங்கும் மழைநீரும் ஒருவர் கையை விட்டுப் பலர்க்கும் பொதுவாவதால், அதற்கும் இந்த விடை மிகவும் பொருந்துகிறது. வரப்பை உயர்த்தியும் குழி வெட்டியும் நீரைத் தேக்கியவரின் உழைப்புக்கு உரிமை இல்லையா என்று ஒருவர் வினவக்கூடும். உழைப்பு பங்கைத் தரும். முழு உடைமையைத் தராது, ஏனெனில் அவர் கிணற்றில் ஊறும் நீரில் மேட்டு நிலத்தார் தேக்கிய மழையும் கலந்தே வருகிறது. தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாயிற்று. நீரை மண்ணுக்குள் விடும் கடமை அவ்வாறு ஏற்கப்பட்டபோதும், எடுப்பது அவரவர் விருப்பம் என்னும் நினைப்பு நீங்கவில்லை. ஆண்டுதோறும் ஊறுவதற்கு மேல் இறைப்பவர் தம்முடைய பொருளைச் செலவிடவில்லை, பலர்க்கும் பொதுவாக விடப்பட்டதில் பிறர் பங்கை எடுக்கிறார்; அச்செயலை நிலவுரிமையின் பெயரால் நியாயப்படுத்த அறநூல் இடம் தரவில்லை.