கூப்பிட்டது யார்?

கவுதாரி கத்திக் கேட்டிருக்கிறீர்களா? விடிகாலையில் எம்.ரெட்டியபட்டிப் பக்கம் பஸ்ஸை விட்டு இறங்கிப் பாருங்கள். சீமைக்கருவேலப் புதருக்குள் ஒன்று ஆரம்பிக்கும். தூரத்து வரப்பிலிருந்து இன்னொன்று பதில் கொடுக்கும்.

மயில், கோழி வகையறாதான். கரிசல் காட்டில் அசையாமல் உட்கார்ந்துவிட்டால் காலடியில் இருந்தாலும் தெரியாது. பறக்கச் சோம்பேறி, ஓட்டத்தில் கெட்டி. சிந்திய கம்பு, சோளம், கறையான்... எதுவும் ஓகே. தரையில் சின்னப் பள்ளம், கொஞ்சம் புல். அதுதான் கூடு. குஞ்சுகள் பொரித்த கொஞ்ச நேரத்திலேயே தாய் பின்னால் ஓடும்.

அந்தக் கத்தல் பாட்டு இல்லை சார். பட்டா! 'இது என் இடம், உள்ளே வராதே' என்று அர்த்தம். வேறொரு சேவல் உள்ளே வந்து கத்தினால், சண்டைக்கு ஓடிவரும். இந்த ரோஷம்தான் அதற்கு எமன். பழக்கிய கவுதாரியைக் கூண்டோடு புதரில் வைத்து, சுற்றிக் கண்ணி கட்டிவிடுவார்கள். கூண்டுப் பறவை கத்தும். இடத்துக்காரர் கோபமாக வருவார். மாட்டிக்கொள்வார். இப்படிப் பழக்கிய பறவைக்குத் தமிழில் 'பார்வை' என்று பழைய பெயர்.

இப்போது சொல்லுங்கள்... கூண்டுக் கவுதாரி துரோகியா?

நான் இல்லை என்பேன். உள்ளே இருப்பதும் நிஜமாகத்தான் கத்தியது, வெளியே இருந்ததும் நிஜமாகத்தான் வந்தது. ரெண்டு நிஜத்தை வைத்து ஒரு பொய் செய்தது மனுஷன்.

ஏமாந்ததுதான் முட்டாள் என்கிறீர்களா? 1789-ல் ஜெர்மன் விஞ்ஞானி க்மெலின் நம்ம கவுதாரிக்குப் பெயர் வைத்தபோது, 'பாண்டிசேரியானஸ்' என்று புதுச்சேரியை ஒட்டவைத்து, குளிர்நாட்டு மலைக்காடுகளில் வாழும் 'கிரவுஸ்' பறவைகளோடு சேர்த்தார். பிற்பாடு பிரித்துவிட்டார்கள். அந்தக் கிரவுஸ்களில் ஒன்று, வட அமெரிக்க ஊசியிலைக் காட்டில், ஆள் கிட்டே வந்தாலும் ஓடாமல் நிற்கும். குடியேறிய வெள்ளைக்காரர்கள் தடியால் அடித்துத் தின்றார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'முட்டாள் கோழி'. அடித்தவனுக்குப் பட்டப்பெயர் ஏதும் கிடையாது!

நான் பி.காம் படித்தவன். 1872 ஒப்பந்தச் சட்டம் ஒன்று சொல்லும்: ஏஜென்ட் தன் அதிகாரத்துக்கு உட்பட்டுச் செய்ததற்கு முதலாளி கட்டுப்பட்டவர். கவுதாரி ஏஜென்ட் என்றால், கண்ணி கட்டியவர் முதலாளி. சரி. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அவர் செய்வது குற்றமும்கூட.

ஆனால், அவருக்கு அந்தக் காட்டில் சென்டு நிலம் கிடையாது. ஜோடி விற்றால்தான் அடுப்பு எரியும். அவரைப் புதருக்குள் அனுப்பியது யார்? ரோட்டோரம் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, 'என்ன விலை?' என்று கேட்கிறாரே, அவர் விடிகாலைக் கத்தலை ஒரு தடவைகூடக் கேட்டிருக்க மாட்டார்.