அறிந்தவன் மௌனம்

விற்பவன் தன் பொருளின் மதிப்பை அறியான், வாங்குபவன் நன்கறிவான். அந்நிலையில் வாங்குபவன் வாய்மூடி இருத்தல் அறமாகுமா? இவ்வினாவை ஆராய, அமெரிக்க நாட்டின் விநோத வாணிகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

அந்நாட்டில் பேஸ்பால் வீரர்களின் படம் பொறித்த சிறு அட்டைகளை முதலில் சிகரெட்டுப் பெட்டிகளிலும், பின்னர்ச் சூயிங்கத்துடனும் வைத்து விற்றனர். பிள்ளைகள் விளையாடி எறிந்தவை போக, எஞ்சியவற்றுள் சில இன்று பெருவிலை பெறுகின்றன. 1909 முதல் 1911 வரை வெளிவந்த வரிசையைச் சேர்ந்த ஹோனஸ் வாக்னர் அட்டையொன்று, 2022இல் 72 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு விலைபோயிற்று. இத்தகைய அட்டைகளைக் கொள்ளவும் விற்கவும் பெருஞ்சந்தைகள் கூடுகின்றன.

அச்சந்தையில் வணிகர் இருவர் மேசையின் இருபுறமும் அமர்ந்து, அட்டையின் மூலையையும் ஓரத்தையும் பூதக்கண்ணாடியால் நோக்கிப் பேரம் பேசுகின்றனர். இருவரும் விலையறிந்தோர், அவர்தம் மௌனம் சதுரங்க ஆட்டக்காரனின் மௌனம் போன்றது. அதில் குற்றமில்லை. ஆனால், மறைந்த கணவனின் பழம்பெட்டியைச் சுமந்துவரும் மூதாட்டி ஒருத்தி, "ஐயா, இவற்றிற்கு என்ன தரலாம்?" என்று வினவுகின்றாள் எனக் கொள்வோம். அவள் விலை கூறவில்லை. வணிகனின் அறிவையே நம்பி நிற்கின்றாள். அங்கே மௌனம் பொய்யாகின்றது.

"அவ்வறிவு யான் பாடுபட்டுத் தேடியதன்றோ? இலவசமாய் ஏன் ஈதல் வேண்டும்?" என்பான் வணிகன். மருத்துவனும் பாடுபட்டே கற்றான். கற்றதற்குக் கூலி பெறுகின்றான். நோயாளியின் அறியாமையை விலைபேசுவதில்லை. வணிகனும் மெய்விலையைக் கூறி, மேசை வாடகைக்கும் விற்குமட்டும் காத்திருத்தலுக்கும் உரியதைக் கழித்துக்கொள்ளட்டும். அது நேரிய இலாபம்.

1990இல் இல்லினாய் மாநிலக் கடையொன்றில், 1,200 டாலர் மதிப்புள்ள நோலன் ரையன் அட்டையை, அனுபவமற்ற ஊழியர் சிறுவன் ஒருவனுக்கு 12 டாலருக்கு விற்றுவிட்டார். கடைக்காரர் வழக்குத் தொடுத்தார். தீர்ப்பு வருமுன் இருசாராரும் இணங்கி, அட்டையை ஏலமிட்டுத் தருமத்திற்கு அளித்தனர். சட்டம் விடை கூறவில்லை. ஆயினும், பிறர் பிழையில் பிறந்த இலாபம் எவர் கையிலும் தங்கவில்லை.

விற்பவனுக்கும் இவ்வறம் உண்டு. புகழ்பெற்ற வாக்னர் அட்டையொன்றைப் பல்லாண்டுகளுக்கு முன் விற்ற வணிகர், அதன் ஓரங்களை வெட்டிச் செப்பனிட்டதை 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அறிந்தவர் பேசாதிருந்தார், அறியாதவர் பொன்னைக் கொட்டினர்.

வள்ளுவர் வணிகனின் அறத்தைப் பொருட்பாலில் வைத்தாரல்லர். நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தில் வைத்தார். அதன் காரணம் நமக்கு விளங்காமற் போகாது. தோட்டத்தில் பால் நிறுக்குமிடத்தில், தராசின் எண்ணை வாசித்து ஏட்டில் எழுதும் கிராணி நாம். எதிரே நிற்கும் தொழிலாளி நம் சொல்லை நம்பி வாளியை எடுத்துச் செல்கின்றார். குறைத்து எழுதிவிட்டு, "அவர் கேட்கவில்லை, நாம் பொய் சொல்லவில்லை" என்று வாதாடலாமோ?

எழுத்தறிந்தோரும் விலையறிந்தோரும் நம்மிடையே பெருகி வருகின்றனர். அறிவு பெருகுவது நன்று. ஆனால், அறியாதவன் நம்மை நம்பிக் கேட்கும்போது அவ்வறிவு வாய் திறக்கின்றதா என்பதே, நாம் பெற்ற கல்விக்குத் தேர்வு.