கோவிவன் நிற்கும் கல்

வீராவுக்கு முதலில் காது போனது, அப்புறம் பின்னங்கால்கள். கண்ணில் நீலம் படர்ந்ததும் புரை என்று பயந்தோம். வயதான நாய்களுக்கு விழியாடி இறுகி இப்படித் தெரியும், பார்வை பெரும்பாலும் போகாது என்றார் மருத்துவர். போகவும் இல்லை. கூப்பிட்டது கேட்காவிட்டாலும், ஆள் வருவதைக் கண்டால் படுத்த வாக்கிலேயே வாலின் நுனி அசையும்.

*

கொண்டுபோனது சிறுநீரகம். நாய்களுக்கு அது பெரும்பகுதி பழுதான பிறகே வெளியே தெரிகிறது. தண்ணீர் நிறையக் குடித்தான். பிறகு சோற்றை ஒதுக்கினான், வாயில் ஒரு நெடி வந்தது.

தினமும் சலைன். பிடரித் தோலை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, தோலுக்கும் சதைக்கும் நடுவில் ஊசியைச் செருக வேண்டும். மருந்து இறங்க இறங்க முதுகில் ஒரு திமில் எழும்பும். அது மெல்லச் சரிந்து முன்னங்கால் பக்கம் இறங்கி, சாயங்காலத்துக்குள் வற்றிவிடும். ஊசி உள்ளே இருக்கும் நேரம் முழுக்க அவன் தலை என் முழங்காலில் இருக்கும். முனகக்கூட மாட்டான். நாய்கள் வலியை எளிதில் காட்டிக்கொள்வதில்லை. பார்த்துக்கொள்கிறவர்களுக்கு அதுதான் பெரிய கஷ்டம்.

*

எப்போது போதும் என்று சொல்வது? மருத்துவரிடம் கேட்டேன். அவர் நாள் எதுவும் குறிக்கவில்லை. "அவனுக்குப் பிடிச்ச மூணு விஷயத்தை எழுதி வைங்க சார். மூணுல ரெண்டு நின்னுபோச்சுன்னா எனக்குப் போன் பண்ணுங்க."

வாசல் வெயில், தயிர்சோறு, தெருமுனை வரைக்கும் நடை. நடை ஏற்கெனவே நின்றிருந்தது. தயிர்சோற்றிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்ட அன்று போன் செய்தேன்.

*

வீட்டுக்கே வந்தார். முதலில் மயக்க ஊசி. குறட்டை விட்டுத் தூங்கினான். அப்புறம் முன்னங்கால் நரம்பில், அளவு கூட்டிய மருந்து. இதயம் நின்ற பிறகும் ஒன்றிரண்டு மூச்சு இழுக்கலாம், உயிர் திரும்பிவிட்டதாக நினைக்காதீர்கள், கண்ணும் தானாக மூடாது என்று முன்னாலேயே சொல்லிவைத்தார். சொல்லாதிருந்தால் அந்த ஒரு மூச்சில் நான் உடைந்துபோயிருப்பேன்.

இந்த முடிவை எடுக்க நேர்கிறவர்கள் தயவுசெய்து பக்கத்திலேயே இருங்கள். காது கேட்காத நாய்க்கும் கையின் சூடு தெரியும்.

கொல்லையில் நார்த்தை மரத்தடியில் ஆழமாகக் குழி வெட்டி, கல்லுப்பும் மஞ்சளும் போட்டு மூடினோம்.

*

மனிதர் இறந்தால் எல்லாவற்றுக்கும் ஒரு முறை உண்டு. பக்கத்து வீட்டிலிருந்து சாப்பாடு வரும், அலுவலகத்தில் விடுப்புத் தருவார்கள், பதினாறாம் நாள் உறவு கூடும். நாய் போனால் மறுநாள் காலை வழக்கம்போல வேலைக்குக் கிளம்ப வேண்டும். "ஒரு நாய்க்குப் போயா இப்படி அழுவாங்க?" என்று கேட்டார் ஒருவர். கெட்ட மனிதர் இல்லை. ஆனாலும் அதற்குப் பிறகு அவரிடம் எதுவும் பேச முடியவில்லை. வீட்டு கேட்டை இன்னமும் ஓர் ஆள் நுழையும் அளவுக்குத்தான் திறக்கிறேன், அவன் ரோட்டுக்கு ஓடிவிடக் கூடாதே என்று.

*

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டில், ஏழாம் நூற்றாண்டில் நட்டது. எருமை மந்தையைக் காக்கும் சண்டையில் மாண்ட கருந்தேவகத்தி என்ற வீரனுக்கான கல். வீரனோடு அவன் நாயும் அதில் நிற்கிறது. நாயின் பெயர் கோவிவன். இரண்டு கள்வரைக் கடித்து அது காவல் நின்ற செய்தியைப் பெயரோடு வெட்டிவைத்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாயின் நினைவை வெளிப்படையாகவே கல்லில் வைத்திருக்கிறார்கள். நாம் மட்டும் நம் துக்கத்தை ஏன் மறைக்க வேண்டும்?

உங்கள் தெருவில் யார் வீட்டிலாவது நாய் போயிருந்தால், ஒரு நடை போய்த் துக்கம் கேளுங்கள். அதன் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அது என்னவெல்லாம் செய்யும் என்று அவர்கள் சொல்லும்போது குறுக்கே பேசாதீர்கள். வேறு குட்டி வாங்கிக்கொள்ளலாம் என்று அன்றைக்கு மட்டும் சொல்லாதீர்கள்.