முடியும் வினையும்

வடகாஞ்சி எனப்படும் மீஞ்சூரிலிருந்து திருத்தணிக்கும் திருப்பதிக்கும் குழந்தைகளை எடுத்துச் சென்று முடியிறக்கி வரும் குடும்பங்கள், காணிக்கையாக அளித்தது சில மாதங்களிலேயே மீண்டும் தழைப்பதைக் கண்டு வியப்பதில்லை. கத்தி தீண்டாத ஆழத்தில், மயிர்க்காலுக்குள், மூல உயிரணுக்கள் உறைந்திருப்பதே அதற்குக் காரணம். அம்மயிர்க்கால்களோ, தாயின் கர்ப்பத்திலேயே, தோலின் இரு அடுக்குகளும் மரபணுக்களின் ஆணைப்படி ஒன்றுக்கொன்று சமிக்ஞை அனுப்பி அமைத்துக்கொண்டவை.

அச்சமிக்ஞை தவறினால்? சிந்து தேசத்து இந்துக் குடும்பமொன்றில், நான்கு தலைமுறைகளில் பத்து ஆண்கள், முடி அருகி, பற்கள் குறைந்து, கோடையில் தோல் வறண்டு வருந்தியதையும், பெண்கள் தாம் பாதிக்கப்படாமலே புதல்வருக்கு அக்குறையைக் கடத்தியதையும் டார்வின் 1875-இல் எழுதினார். முடியோடு பல்லும் வியர்வையும் குன்றும் இத்தகைய நோய்க்குக் காரணமான, எக்ஸ் குரோமோசோமிலுள்ள இ.டி.ஏ. மரபணு 1996-இல் கண்டறியப்பட்டது.

இந்நோயைப் பூர்வஜன்ம பாபம் என்பது எளிது, சொல்பவனுக்குச் செலவுமில்லை. கர்மக் கொள்கை, என் கருத்தில், ஒருவன் தன் துன்பத்தைத் தாங்குவதற்குத் துணையாகலாமேயன்றி, பிறன் குழந்தையின் துன்பத்துக்குத் தீர்ப்பெழுத அதிகாரமாகாது. காணிக்கை செலுத்த முடியில்லையே என்று அக்குழந்தைக்காக இரங்குவோர், வியர்வை சுரக்காத அவ்வுடலுக்குச் சித்திரை வெயிலில் நிழலும் குளிர்ந்த நீரும் அளிக்க வேண்டுகிறேன்.