விசுவாசத்தால் பிழைத்தல்

கிறிஸ்தவ வாழ்வை விசுவாச வாழ்வு என்று சொல்லும் வழக்கத்துக்கு வேர், பழைய ஏற்பாட்டில் ஆபகூக் தீர்க்கதரிசியின் நூலில், 2ஆம் அதிகாரம் 4ஆம் வசனத்தில் இருக்கிறது. நீதியுள்ளவனை உயிரோடு நிறுத்துவது அவனுடைய விசுவாசமே என்று அந்த வசனத்தின் பிற்பகுதி சொல்கிறது. எபிரேய மூலத்தில் அது மூன்றே சொற்கள். ரோமருக்கும் கலாத்தியருக்கும் எழுதிய நிருபங்களில் பவுல் அதை எடுத்தாண்டார். எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபத்திலும் அது வருகிறது.

அந்த மூன்று சொற்கள் நிம்மதியாக இருந்த மனிதருக்குச் சொல்லப்பட்டவை அல்ல. கி.மு. 7ஆம் நூற்றாண்டின் இறுதியில் யூதா நாட்டில் நியாயம் புரண்டு கிடந்தது. எத்தனை காலம் கூப்பிட்டும் பதில் இல்லையே என்று ஆபகூக் கடவுளிடம் வழக்காடுகிறார். பதில் வருகிறது. ஆனால் அது கேள்வியைவிடக் கொடியது: கல்தேயரின் படை வரப்போகிறது. யூதாவைவிடப் பொல்லாத அவர்களைக் கொண்டா யூதாவைத் திருத்துவது என்று மறுபடியும் கேட்டுவிட்டு, காவலிடத்தில் ஏறிக் காத்து நிற்கிறார். அப்படி நின்றவருக்குத்தான் இந்த வாக்கு வந்தது. கேள்வி கேட்பது விசுவாசக் குறைவு என்று எண்ணுவோர் இந்த இடத்தைத் திரும்பப் படிக்க வேண்டும்.

விசுவாசம் என்று தமிழில் வழங்குவதற்கு எபிரேயத்தில் உள்ள சொல் 'எமுனா'. உறுதி, அசையாமை, நாணயம் என்பன அதன் அடிப்படைப் பொருள்கள். ஜெபத்தின் முடிவில் சொல்லும் 'ஆமென்' பிறந்ததும் இதே வேரிலிருந்துதான். யாத்திராகமம் 17ஆம் அதிகாரத்தில் எமுனா எதைக் குறிக்கிறது என்று பார்த்தால் இதன் சாயல் விளங்கும். அமலேக்கியரோடு போர் நடக்கிறது. மோசே கைகளை உயர்த்தியிருக்கும்போது இஸ்ரவேலர் மேற்கொள்கிறார்கள். கைகள் தளர்ந்தால் பின்வாங்குகிறார்கள். மோசேயை ஒரு கல்லின்மேல் உட்காரவைத்து, ஆரோன் ஒரு பக்கமும் ஊர் என்பவர் மறுபக்கமுமாகக் கைகளைத் தாங்குகிறார்கள். பொழுது சாயும்வரை அந்தக் கைகள் 'எமுனா'வாக இருந்தன என்கிறது மூலம். வலித்தும் இறங்காத கைகள், அதுவும் பிறர் தாங்கிய கைகள்.

தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குக் கிடைத்த சொல்லிலும் ஒரு பேறு உண்டு. பழைய புரொட்டஸ்டன்ட் மொழிபெயர்ப்பு விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று மூன்றையும் வரிசைப்படுத்துகிறது. கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியம் அதே மூன்றை நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்கிறது. 'நம்பிக்கை' எளிமையான சொல், எல்லோருக்கும் விளங்குவது. ஆனால் 'விசுவாசம்' ஊர்வழக்கில் இன்னொன்றையும் சுமக்கிறது. எசமானிடம் விசுவாசமாக இருந்தான் என்றால், அவர் சொன்னதை உண்மையென ஏற்றான் என்று யாரும் பொருள் கொள்வதில்லை; அவரைக் கைவிடாமல் இருந்தான் என்றே கொள்கிறார்கள். எமுனாவின் இரு பக்கங்களும், அதாவது நம்புவதும் நம்பத்தக்கவராய் இருப்பதும், இந்த ஒரே சொல்லில் சேர்ந்திருக்கின்றன. விசுவாசம் என்பது கோட்பாட்டுக்குத் தலையசைப்பது மட்டுமல்ல, ஒருவரைப் பற்றிக்கொண்டு விடாதிருப்பது என்பதை விளக்க வேறு சொல் தேட வேண்டியதில்லை.

விசுவாசமா செயலா என்பதில் பவுலும், புதிய ஏற்பாட்டு நிருபம் எழுதிய யாக்கோபும் முரண்படுகிறார்கள் என்பது பழைய வாதம். இருவரும் ஆபிரகாமையே சான்றுக்கு அழைக்கிறார்கள். விருத்தசேதனத்துக்கு முன்பே, வாக்குறுதியை நம்பியபோதே ஆபிரகாம் நீதிமானாக எண்ணப்பட்டார் என்று பவுல் காட்டுகிறார். அது ஆதியாகமம் 15. யாக்கோபு அதே நூலின் 22ஆம் அதிகாரத்துக்குப் போய், ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்திய செயலில் அந்த விசுவாசம் நிறைவடைந்தது என்கிறார். ஒரே மனிதரின் வாழ்வில் பல ஆண்டு இடைவெளியுள்ள இரு தருணங்கள். முன்னவர் தொடக்கத்தைப் பார்க்கிறார், பின்னவர் கனியைப் பார்க்கிறார். பிசாசுகளும் கடவுள் ஒருவரே என்று ஏற்று நடுங்குகின்றன என்ற யாக்கோபின் எச்சரிக்கை, விசுவாசத்தை வெறும் ஒப்புதலாகச் சுருக்குவோருக்கே உரியது.

மார்ட்டின் லூத்தர் 1545இல் தம் லத்தீன் நூல்தொகுதிக்கு எழுதிய முன்னுரையில், ஆபகூக்கின் வாக்கைப் பவுல் எடுத்தாளும் ரோமர் 1:17 தமக்குத் திறந்த கதவைப் பற்றி விவரிக்கிறார். கடவுளின் நீதி என்பது தண்டிக்கும் நீதி என்று அஞ்சிக்கொண்டிருந்த அந்தத் துறவி, அது விசுவாசிப்பவருக்கு இலவசமாக அருளப்படும் நீதி என்று கண்டார். 1547இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் அன்பும் செயலும் இல்லாத விசுவாசம் போதாது என்று மறுமொழி தந்தது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய அடிப்படை உண்மைகளில் உடன்பட்டுக் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன.

அன்றாட வாழ்வில் இது எந்த வடிவம் எடுக்கும்? சம்பளமோ உறுதியான வருமானமோ இன்றி ஊழியம் செய்வதை விசுவாச ஊழியம் என்பது சபை வழக்கு. அதன் பெயர்பெற்ற உதாரணம், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் அநாதை இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லர் (1805–1898). யாரிடமும் பணம் கேட்பதில்லை, கடன் வாங்குவதில்லை, ஜெபத்தில் மட்டும் கேட்பது என்பது அவர் வைத்துக்கொண்ட விதி. இருந்தும் கணக்குகளை ஒழுங்காக எழுதி ஆண்டறிக்கை வெளியிட்டார். 1841 இறுதியில் கையிருப்பு வற்றியபோது, மறைமுகமாகக் கேட்டதாகிவிடுமே என்று அறிக்கைக் கூட்டத்தையே தள்ளிவைத்தார். பின்னாளில் ஆஷ்லி டவுனில் அவர் எழுப்பிய ஐந்து கட்டடங்களில் 2,000 பிள்ளைகளுக்கு மேல் தங்க இடம் இருந்தது. விசுவாசம் திட்டமிடலுக்கு எதிரி அல்ல என்பதற்கு அவருடைய கணக்கேடுகளே சாட்சி.

முல்லரின் கதையை மட்டும் சொல்லி நிறுத்தினால் ஆபத்து உண்டு. கேட்டால் கிடைக்கும், கிடைக்காவிட்டால் விசுவாசம் போதவில்லை என்ற போதனை நோயாளியின் படுக்கையருகே செய்யும் கொடுமை சிறியதல்ல. திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் பிள்ளைகளுக்கு அடைக்கலம் தந்த ஏமி கார்மைக்கேலும் நன்கொடை கேட்காமலே இல்லம் நடத்தியவர். 1931இல் கீழே விழுந்தபின் அவர் எழுந்து நடமாடும் நலத்தைத் திரும்பப் பெறவில்லை. 1951இல் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது ஆண்டுகள், அறையிலிருந்தபடியே எழுதினார். பவுலும் தம் உடலில் இருந்த முள் நீங்க மூன்றுமுறை வேண்டினார், அது நீக்கப்படவில்லை. எபிரெயர் 11ஆம் அதிகாரம் இதை இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறது: விசுவாசத்தினால் சிலர் வாளுக்குத் தப்பினார்கள், சிலர் வாளால் மடிந்தார்கள். இருதரப்பும் ஒரே பட்டியலில் இருக்கின்றன.

சந்தேகமும் இந்த வாழ்வுக்கு வெளியே நிற்பதல்ல. மாற்கு 9ஆம் அதிகாரத்தில் வலிப்பால் துன்புறும் மகனைக் கொண்டுவரும் தகப்பன், தன் விசுவாசத்தையும் அவிசுவாசத்தையும் ஒரே மூச்சில் அறிக்கையிட்டு உதவி கேட்கிறான். இயேசு அவனைத் திருப்பியனுப்பவில்லை, பிள்ளையைக் குணமாக்கினார்.

ஆபகூக்கின் மூன்றாம் அதிகாரத்தில் கல்தேயர் விலகிப் போய்விடவில்லை. அத்தி பூக்காவிட்டாலும், திராட்சையும் ஒலிவமும் பொய்த்தாலும், தொழுவத்தில் மாடு இல்லாமல் போனாலும் கடவுளில் மகிழ்வேன் என்று அவர் பாடுகிறார். எதுவரை என்ற கூக்குரலோடு தொடங்கிய அந்தச் சிறுநூலின் கடைசி வரி, அந்தப் பாட்டை நரம்புக் கருவிகளோடு பாடும்படி இசைத்தலைவனிடம் ஒப்படைக்கும் குறிப்பு.